மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஆட்டுக்கறி விருந்து

"குடும்பத்தோடு தாம்பரம் போகிறோம். ஹலால் என்று நம்பி அங்கே சாப்பிடலாமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இன்றைய கடைகளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், எழுபதுகளின் தொடக்கத்தில் நானும் என் மனைவி ஜமீலாவும் அங்கே போய்வந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

அப்போது புதுப்பேட்டையில் குடியிருந்தோம். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. என்னோடு வேலை பார்த்த செல்வராஜ் மேற்குத் தாம்பரத்தில் வீடு கட்டியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் வந்து புது வீட்டில் ஜெபம் செய்வார், பிறகு விருந்து. அலுவலகத்தில் என் நெருங்கிய சிநேகிதன் அவன்தான். போகாமல் இருக்க முடியாது.

ஆனால் ஜமீலா வெளியில் கறி சாப்பிடமாட்டாள். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி, கழுத்தை முறைப்படி அறுத்து, ரத்தம் வடியவிட்ட ஆடு என்று தெரிந்தால்தான் தொடுவாள். இதை அவனிடம் முன்கூட்டியே சொல்லி, எங்களுக்கு ரசம் சோறு போதும் என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன மச்சான், என் வீட்டு விசேஷத்துல நீ ரசம் சோறா? வீட்லதான் ஆடு அறுக்கறோம். மார்க்கெட் கறிக்கடை பாயை வரச் சொல்லியிருக்கேன். எல்லாம் உங்க முறைப்படிதான்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். "நமக்காகவா?" என்று ஜமீலா இரண்டு முறை கேட்டாள். கல்யாணப் புடவையை எடுத்து வைத்தாள்.

எழும்பூரில் காலை ஒன்பது மணி வாக்கில் மின்சார ரயில் பிடித்தோம். தாம்பரத்துக்கு முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். குரோம்பேட்டை நெருங்கும்போது தோல் பதனிடும் ஆலைகளின் வாடை வந்து ஜமீலா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஸ்டேஷனின் மேற்குப் பக்கம் இறங்கினால் முடிச்சூர் ரோட்டில் இரண்டு மைல். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஒன்றேகால் ரூபாய் கேட்டார். "ரோடு புல்லா பள்ளம் சார், ரெண்டு பேரு வேற கீறீங்கோ" என்றார். பேரம் பேசாமல் ஏறினோம்.

செல்வராஜின் மனைவி மேரி வாசலுக்கே வந்து ஜமீலாவின் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். பள்ளிக்கூட டீச்சர், நல்ல பெண். ஜெபம் முடிந்து பந்தியில் உட்கார்ந்ததும் செல்வராஜே கரண்டி பிடித்துப் பரிமாறினான். "தைரியமா சாப்பிடுங்க தங்கச்சி, பாய் அறுத்ததுதான்." ஜமீலா இரண்டாம் முறை குழம்பு வாங்கிக்கொண்டாள். மசாலா எப்படி அரைத்தீர்கள் என்று மேரியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கை கழுவும் இடத்தில் செல்வராஜின் மாமா நின்றிருந்தார். படப்பையிலிருந்து வந்தவர். நான் கறியைப் புகழ்ந்தேன்.

"பின்ன? நான் வெட்டுன ஆடாச்சே! அந்த பாய் வரவேயில்ல. எம்மா நேரம் காத்துகினு கீறது? ஒரே வெட்டுதான். தல தனியா போய் வுயுந்துச்சு."

பக்கத்தில் ஜமீலா குழாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

செல்வராஜைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். அவன் முகத்தில் சங்கடம் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பிறகு சிரித்து என் தோளில் தட்டினான். "சாப்ட்டாச்சு இல்ல, விடு மச்சான். தெரியாம சாப்ட்டா பாவம் இல்லன்னு கேன்டீன்ல நீதான சொன்ன? அதான் சொல்லல."

உண்மைதான், சொல்லியிருக்கிறேன். ஏமாந்தவனுக்காக மார்க்கம் திறந்து வைத்த கதவு அது. ஏமாற்றுகிறவன் அதில் நுழைந்து வருவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மேரி ஓடி வந்தாள். அவளிடமும் பாய் வந்துவிட்டுப் போனதாகத்தான் சொல்லியிருக்கிறான். அவன் பக்கம் திரும்பி, "ஏன் பொய் சொன்னீங்க? நாலு முட்டை வேக வெச்சிருப்பேனே!" என்றாள். விருந்தாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். "சின்ன விஷயத்தைப் பெருசாக்காத" என்று அவளை உள்ளே அனுப்பினான்.

வெயிலில் ஸ்டேஷன்வரை நடந்தே வந்தோம். ரயில் பல்லாவரம் தாண்டும்போது ஜமீலா கேட்டாள். "ஏங்க, நான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேனே. உங்க சிநேகிதர் அதைப் பார்த்துக்கிட்டேதானே நின்னாரு?"

மறுநாள் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். உங்கள் மீது குற்றமில்லை, மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள் என்றார். ஜமீலா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் அதன்பின் அவள் யார் வீட்டிலும் சாப்பிடவில்லை. எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில்கூட. வயிறு சரியில்லை என்பாள். அவளுக்குத் திமிர் என்று பேசினார்கள். செல்வராஜ் அலுவலகத்தில் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான். நான் அவனோடு பேசுவதை நிறுத்தினேன். அதற்கும் எனக்குத்தான் கெட்ட பெயர்.

சில மாதம் கழித்து மேரி மட்டும் புதுப்பேட்டைக்கு வந்தாள். ஜமீலா சோறு போட்டாள். மேரி தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "ஒரு தடவை எங்க வீட்டுக்கு வாங்களேன் ஜமீலா. நானே பாயைக் கூட்டிட்டு வந்து பக்கத்துல நிக்கறேன்" என்றாள்.

"நீங்க எப்ப வேணா வாங்க அக்கா" என்றாள் ஜமீலா. மேரி அப்புறம் வரவில்லை.

இனி வாசகரின் கேள்வி. எழும்பூரிலிருந்து இப்போதும் ரயில்தான் வசதி. தாம்பரத்தில் கடைக்குக் கடை ஹலால் என்று ஒட்டியிருக்கிறார்கள். அதோடு விடாமல், கறி எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். கேட்டால் முறைக்கிற கடையில் உட்காராதீர்கள். யாராவது வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டால் என்ன செய்வது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். ஜமீலா இருந்தவரை நாங்கள் யார் வீட்டிலும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவள் போன பிறகு கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத்தான் பழக்கம் விட்டுப்போய்விட்டது.