பார்த்தும் பாராமல் போனவர்

செவ்வாய்க்கிழமை காலை லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். யூசுப் பாய் வந்து சுவிட்சை அணைத்தார். கோவை கணபதியில் இருக்கிற எங்கள் பட்டறையின் முதலாளி அவர். ஓடுகிற மிஷினை அவர் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை.

“ராசு, ஞானராஜ் சார் போயிட்டாருங்க. தூக்கத்துலயே உசுரு போயிருக்குது. காலைல பக்கத்து ஊட்டுக்காரங்க கதவைத் தட்டிப் பாத்திருக்காங்க.”

நான் சரிங்க என்றேன். பிறகு துணியை எடுத்து மிஷினைத் துடைத்தேன். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

திரு. ஞானராஜ் அவர்கள் நன்னடத்தை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்படி ஓர் உத்தியோகம் இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆயுள் கைதி ஒருவரைத் தண்டனைக்காலம் முடியும் முன்பே விடுவிக்கலாமா என்று அரசு யோசிக்கும்போது, அவருடைய வீட்டுக்குப் போய், “இவரை ஏத்துக்குவீங்களா?” என்று கேட்டு வருவது அவர்கள் வேலை. சிறை என்றால் மதிலும் பூட்டும்தான் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பூட்டைத் திறந்துவிட அரசாங்கம் தயாராக இருந்தும், கூட்டிப்போக ஆளில்லாமல் கிழவர்களாகிப் போனவர்களோடு நான் படுத்திருக்கிறேன்.

ஆமாம், உள்ளே இருந்தவன்தான். அன்னூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குப் போகிற தடத்தைப் பற்றிய சண்டையில் என் கையால் ஒருவர் இறந்தார். தண்டனை சரியானது. அதைப் பற்றி இங்கே பேச ஒன்றுமில்லை.

பக்கத்தில் படுத்திருப்பவர் புரண்டால் நானும் புரள வேண்டும், அவ்வளவு நெரிசல். அத்தனை பேர் நடுவில் ஒருவன் எப்படித் தனியாக இருக்க முடியும் என்று கேட்பார்கள். இருந்து பார்த்தால்தான் தெரியும். வருசக்கணக்கில் என்னைப் பார்க்க யாரும் மனுப் போட்டு வரவில்லை. ஒருநாள் கூப்பிடுகிறார்கள் என்று போனேன். ஒல்லியாக, சட்டைப்பையில் இரண்டு பேனாவோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஞானராஜ் சார்தான்.

“ஏனுங்க ராசு, நின்னுட்டே இருக்கீங்க? உக்காருங்க.”

யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தேன். உள்ளே எங்களை யாரும் அப்படி மரியாதையாகக் கூப்பிடுவதில்லை.

வீட்டு விசாரணைக்கு அவர் ஆபீஸ் ஜீப்பில் போக மாட்டார். பஸ்ஸில் போய், ஊருக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி நடப்பார். வழியில் யாராவது கேட்டால் “இன்சூரன்ஸ் விசயமா வந்தனுங்க” என்பார். நன்னடத்தை அலுவலர் வாய்கூசாமல் பொய் சொல்வார். அந்த வீட்டு அவமானத்தை ஊர் மறந்திருந்தால் தான் போய் ஞாபகப்படுத்தக் கூடாது என்பது அவர் எண்ணம்.

அவரிடம் ஒரு கணக்கு உண்டு. “வேண்டாம்னு சொன்னாக்கூடப் பரவால்லீங்க. நான் கிளம்பறப்போ பின்னாலயே வந்து, சோறு நல்லாத் திங்கறானானு ஒரு வார்த்தை கேட்டாங்கன்னா, அந்த ஊட்டுக்கு மறுக்காப் போலாமுங்க” என்பார்.

என் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்து, என் எதிரில் உட்கார்ந்தார். “உங்க அண்ணன் தண்ணி குடுத்தாருங்க. காப்பியும் குடுத்தாருங்க. உங்களப் பத்தி ஒண்ணும் கேக்கலீங்க.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அண்ணன் மேல் இல்லை, இவர் மேல். “இதை எங்கிட்டச் சொல்லணும்னு என்னங்க சார் அவசியம்? பாக்கலாம்னு சொல்லிப்போட்டுப் போகலாமல்லங்க?” என்று கத்தினேன்.

“போயிருக்கலாமுங்க. அப்புறம் நீங்க வாசலைப் பாத்துட்டே உக்காந்திருப்பீங்க. கோர்ட்டு குடுத்த தண்டனை போதுமுங்க, நான் வேற ஒண்ணு குடுக்கோணுமா?”

அந்தப் பதிலும் எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த முறை வந்தபோது அவரோடு பேசவே இல்லை. அவர் தானாகவே பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனார். பிறகுதான் அவர் எனக்காகப் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கியது தெரிந்தது. கடைசியில் யூசுப் பாய் பொறுப்பேற்றுக்கொள்ளச் சம்மதித்தார். பாய் கேட்டது ஒன்றுதான், ஆள் டயத்துக்கு வேலைக்கு வருவாரா என்று. “இத்தனை வருசமா டயத்துக்குத்தானுங்க எந்திரிச்சிட்டிருக்காரு” என்றாராம் சார். பாய் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

நான் வெளியே வந்த அன்று ஜெயில் வாசலில் நின்று சார் ஒரு விசயம் சொன்னார். “இனிமேல் உங்கள எங்கியாச்சும் பாத்தா நான் பேச மாட்டனுங்க. மூஞ்சியத் திருப்பிட்டுப் போயிருவேன். தப்பா நினைக்காதீங்க. கூட இருக்கறவங்க இவரு யாரு, எப்படித் தெரியும்னு கேப்பாங்க, நீங்க முழிப்பீங்க. நீங்களா வந்து பேசினா மட்டும் பேசறனுங்க.”

அப்படியேதான் நடந்துகொண்டார். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில், டவுன்ஹால் கடைவீதியில், கல்யாண மண்டப வாசலில் என்று தான் மீட்டு வந்தவர்களைப் பார்ப்பார். பார்த்தும் பாராமல் போவார். அவர்களும் போவார்கள்.

மனைவி தவறிய பின் சரவணம்பட்டியில் தனியாக இருந்தார். மகன் டேனியலுக்கு வெளிநாட்டில் வேலை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். சர்ச்சுக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றாமல் எனக்குக் கடுங்காப்பி போட்டுத் தருவார். ஒருநாள் சொன்னார்: “நான் வேலைய ஒழுங்காச் செஞ்சிருந்தேன்னா, என்னைத் தெரிஞ்சவங்கன்னு ஒருத்தரும் இருக்கக் கூடாதுங்க ராசு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டில் இன்னொரு நாற்காலி மேல் துணி மடித்து வைத்திருப்பார், நான் போனால்தான் எடுப்பார்.

டேனியல் வந்துசேர வேண்டியிருந்ததால் வியாழக்கிழமை அடக்கம். பாய் ஊரில் இல்லை. தெரிந்த பெரியவர் ஒருவர் தவறிவிட்டார் என்றதும், வீட்டுக்கார அம்மாளின் மகன் செந்தில் பைக்கில் கூட்டிப்போனார். அவரும் அவர் அம்மாவும் கீழே இருக்கிறார்கள், மாடியில் நான் வாடகைக்கு இருக்கிறேன். நான் இத்தனை காலம் வடக்கே மில் வேலையில் இருந்தவன் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். உண்மை தெரிந்தால் இந்த ஊரில் எனக்கு யார் வீடு தருவார்கள்?

சார் வீட்டு வாசலில் போட்டிருந்த நாற்காலிகள் பெரும்பாலும் காலி. ஆனால் எதிர்த்த பேக்கரியில் கூட்டம் இருந்தது. ஆளுக்கொரு மூலையில், ஒருவரோடொருவர் பேசாமல், டீ கிளாஸை வைத்துக்கொண்டு நின்றார்கள். அதில் சில முகங்களை உள்ளே பார்த்திருக்கிறேன். ஒருவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன், அவரும் குனிந்துகொண்டார்.

டேனியல் பாதிரியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “அப்பாவுக்கு யாருமே இல்லீங்க பாஸ்டர். எங்கூட வந்திருங்கன்னு எவ்வளவோ கூப்புட்டுப் பாத்தேன். இங்க யாரு இருக்காங்கன்னு இருந்தாரோ. பாருங்க, பொட்டியத் தூக்கக்கூட ஆள் பத்தாதாட்ட இருக்குது.”

அதற்குமேல் என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

“நான் தூக்கறனுங்க.”

“நீங்க அப்பாவுக்கு எப்படிங்க வேணும்?” என்று கேட்டார் டேனியல். செந்தில் என் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

“நான் ஜெயில்ல இருந்தவனுங்க. கூடப்பொறந்தவரே வேண்டாம்னுட்டாரு. உங்கப்பாதானுங்க அலையா அலைஞ்சு எனக்கு ஒரு எடம் புடிச்சுக் குடுத்தாரு. என்னாட்ட நெறையப் பேர் இருக்கறாங்க. அவங்களால வர முடியாதுங்க.”

டேனியல் பேக்கரிப் பக்கம் பார்த்தார். நான் திரும்பவில்லை. அவர் நகர்ந்து, முன்பக்கத்தில் தனக்குப் பக்கத்தில் எனக்கு இடம் விட்டார். பெட்டி தெருவைக் கடந்தபோது பேக்கரியில் இருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். ஒருவரும் ரோட்டைத் தாண்டி வரவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

அடக்கம் முடிந்து திரும்பினோம். வீட்டு முன்னால் செந்தில் வண்டியை நிறுத்தி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“அம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லலீங்கண்ணா. நீங்களே சொல்லிருங்க” என்றார். உள்ளே போனார்.

அவர் சொன்னது நியாயம். மாடிக்கு வந்து, போய்ச் சொல்வதற்கு முன்னால் இதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கீழே அந்த அம்மாள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறது.

சார், உங்களை எனக்குத் தெரியும் என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டேன். நீங்கள் காதால் கேட்கும்படி ஒருநாள் சொல்லியிருக்கலாம். நிம்மதியாகத் தூங்குங்கள். நான் கீழே இறங்கிப் போகிறேன்.