பூச்சி என்றார் டாக்டர்

நர்ஸ் வேலையில் பாதி நேரம் நோயாளியோடு போகும், மீதிப் பாதி நோயாளியைப் பார்க்க வந்தவர்களோடு போகும். இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்வது நாங்கள்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டிலோ கால்மாட்டிலோ ஒரு நாளாவது உட்கார்ந்து நொந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்கள் வேறு பக்கம் புரட்டிக்கொள்ளலாம்.

ஐம்பத்தேழில் அந்தக் காய்ச்சல் வந்தபோது நான் திண்டுக்கல்லில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். பத்திரிகைகளில் ‘ப்ளூ’ என்று எழுதினார்கள். ஊரில் எல்லோருக்கும் அது விஷக் காய்ச்சல். வராந்தா, மாடிப்படி எல்லா இடத்திலும் பாயை விரித்துப் படுத்துக் கிடந்தார்கள். எனக்கும் ஒரு வாரம் வந்துபோனது. உப்பு எது, சர்க்கரை எது என்று நாக்குக்குத் தெரியாமல் கஞ்சி குடித்துவிட்டு வேலைக்கு வந்தேன்.

இரும்புக்குள் காற்று

செல்லம்மாளை ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். இருபது, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். கூட வந்தவர்கள் புருஷன் ராமசாமியும் மாமியாரும். கத்தரியும் தக்காளியும் போட்டுப் பிழைக்கிற குடும்பம். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று இவள் களையெடுக்கப் போயிருக்கிறாள். தோட்டத்து வரப்பிலேயே மயங்கி விழுந்துவிட்டாள். வந்தபோது படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. எங்கள் டாக்டர் சென்னையில் வளர்ந்த இளவயதுக்காரர், நல்ல மனுஷர். நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. காய்ச்சல் இதயத்தையே தாக்கிவிட்டது, அது துடிக்கத் தெம்பில்லாமல் கிடக்கிறது, அதனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது என்று என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

இருந்த ஒரே ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து வைத்தோம். ராமசாமி அதைத் தொட்டுப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். என்ன இருக்கிறது உள்ளே என்று கேட்டதற்கு, காற்றுதான் என்றேன். ஆடி மாதத்தில் அவர்கள் தோட்டத்தில் நின்றால் ஆளையே தள்ளுகிற காற்று அடிக்கும். அவர் என்னை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“எங்க காட்டுல அம்புட்டுக் காத்து சும்மா அடிக்குது, நர்சம்மா. அங்க மூச்சு வாங்காதவ, இந்த இரும்புக்குள்ள இருக்கிறதையா வாங்கப் போறா?”

மூன்று குழாய்

இதயத்தின் வேலையைக் கொஞ்ச நேரத்துக்குத் தானே செய்கிற மிஷின் ஒன்றை அமெரிக்காவில் செய்திருக்கிறார்களாம். ஆபரேஷன் செய்யும்போது மட்டும் அதை ஓட்டுவார்களாம். டாக்டர் ஏதோ சஞ்சிகையில் படித்துவிட்டு ஆசை ஆசையாய்ச் சொல்வார். எங்களிடம் இருந்ததோ மூன்று ரப்பர் குழாய். கை இரண்டு, கால் இரண்டு, இந்த நாலில் மூன்றை மேலே இறுக்கிக் கட்ட வேண்டும். நெஞ்சுக்குத் திரும்புகிற ரத்தம் கொஞ்சம் அங்கேயே தங்கிவிடும், இதயத்துக்குச் சுமை குறையும். கால்மணிக்கு ஒரு தரம் ஒரு கட்டை அவிழ்த்து, சும்மா இருக்கிற கையிலோ காலிலோ கட்ட வேண்டும். அவிழ்க்காமல் விட்டால் அந்தக் கை போய்விடும். ஆக, அமெரிக்காவில் மிஷின், திண்டுக்கல்லில் நான்.

வார்டுக் கடிகாரம் வேறு நின்றுபோயிருந்தது. வேதக்காரி நான், ஜெபமாலையை எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் வேகமாகச் சொன்னால் ஒரு ஜெபமாலைக்குச் சரியாகக் கால்மணி. முடிந்ததும் ஒரு கட்டை மாற்றுவேன். மூன்று சுற்றுக்குப் பிறகு செல்லம்மாளின் மூச்சு கொஞ்சம் அடங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டே, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

“நிறுத்திடாதீங்க சிஸ்டர். மாதாவுக்கு அலுத்தாலும் பரவாயில்லை.”

எங்கே தொட்டது

எங்கள் பக்கத்தில் பாம்பைப் பாம்பு என்று சொல்ல வாய் கூசும். பூச்சி என்போம். கடித்தது என்றும் சொல்ல மாட்டோம், தொட்டது என்போம். சென்னைக்காரருக்கு இது எங்கே தெரியும்? கிருமி என்றால் கிராமத்து ஆட்களுக்குப் புரியாது என்று நினைத்து, ராமசாமியையும் அவர் அம்மாவையும் கூப்பிட்டு, “ஒரு சின்னப் பூச்சிதான் காரணம், அதோட விஷம் உள்ள போயிருச்சு” என்று பக்குவமாகச் சொல்லியிருக்கிறார். ஏற்கெனவே விஷக் காய்ச்சல். விழுந்த இடம் தோட்டத்து வரப்பு. கையிலும் காலிலும் கட்டு. அவர்களுக்கு எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. நான் அந்த நேரத்தில் மாடிப்படியில் ஒரு பெரியவரைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டிருந்தேன். நடந்த பேச்சைப் பிற்பாடு டாக்டர் சொல்லித்தான் கேட்டேன்.

எங்கே தொட்டிருக்கிறது என்று மாமியார் கேட்டிருக்கிறார். நோய் எந்த இடத்தில் என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று டாக்டர், “நெஞ்சுலதாம்மா” என்றிருக்கிறார். அந்த அம்மாள் வயிற்றில் அடித்துக்கொண்டாராம்.

“நெஞ்சுலயா தொட்டுச்சு? அப்ப கைகால்ல கட்டி என்ன பிரயோசனம், சாமி!”

கசக்கிறதா

விஷம் தீண்டியவரைத் தூங்கவிடக் கூடாது, தூங்கினால் விஷம் தலைக்கேறும் என்பது ஊர் அறிந்த விஷயம். வேப்பிலையைக் கொடுத்துப் பார்ப்பார்கள். கசந்தால் பயமில்லை, கசக்காவிட்டால் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். எங்கள் மருந்தோ நேர் எதிர். களைத்துப்போன இதயத்துக்குத் தூக்கம்தான் பெரிய மருந்து என்று காலையிலேயே டாக்டர் ஊசி போட்டிருந்தார். நான் கட்டை மாற்றிவிட்டுப் பக்கத்து வார்டுக்குப் போகும்போதெல்லாம் இவர்கள் அவளை எழுப்பியிருக்கிறார்கள். எழுப்பி எழுப்பி மத்தியானம் ஆகிவிட்டது. நான் ஒரு தரம் சீக்கிரமாகத் திரும்பி வந்தபோதுதான் பார்த்தேன். ராமசாமி அவள் கன்னத்தைத் தட்டி, “ஏபுள்ள, கண்ணத் தொற, என்னையப் பாரு” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மாமியார் வேப்பிலையை வாயில் திணித்து, “கசக்குதா ஆத்தா, கசக்குதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

காய்ச்சலில் மரத்த நாக்குக்கு வேப்பிலை எங்கே கசக்கும்? ஒன்றும் தெரியவில்லை என்று அவள் தலையை அசைத்தாள். காரமாவது தெரிகிறதா என்று பார்க்க, மாமியார் அழுதுகொண்டே ஒரு பச்சைமிளகாயைக் கிள்ளினார். நான் கத்திய கத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. செல்லம்மாளுக்குத்தான் கோபமே இல்லை.

“வையாதீக, நர்சம்மா. செத்த நேரம் தூங்கிக்கிறேன்னு மட்டும் இவுககிட்டச் சொல்லுங்க.”

தலையாட்டினார்கள்

டாக்டரை ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். பூச்சி என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று வழியிலேயே சொன்னேன். மனுஷருக்கு வியர்த்துவிட்டது. பாம்பு இல்லை, காய்ச்சல்தான், கண்ணுக்கே தெரியாத கிருமி என்று அவர்கள் இரண்டு பேரிடமும் விளக்கினார். டாக்டரே சொல்கிறாரே என்ற மரியாதையில் இருவரும் தலையாட்டினார்கள். நாமும்தான் ஆஸ்பத்திரியில் எத்தனை முறை அப்படி ஆட்டியிருக்கிறோம்! அதன்பிறகு அவளைத் தூங்கவிட்டார்கள். ராமசாமி விசிறிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில், நான் இடது கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் விரலுக்குக் கீழேயே நாடி நின்றது. ஜெபமாலை பாதியில் இருந்தது. முதல் நாள் காலையிலிருந்தே அவள் தூங்கியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று யாருக்கும் தெரியாது. இதயம் அவ்வளவு கெட்டுப்போயிருந்தது என்று டாக்டரே சொன்னார். சொன்னாரே தவிர, அவருக்கு மனசு ஆறவில்லை. துணி வைக்கிற அறையில் நான் நின்று அழுதுகொண்டிருந்தபோது அங்கேயும் வந்து நின்றார்.

“அந்த மிஷின் மட்டும் இங்க இருந்திருந்தா, நான் என்ன வார்த்தை சொல்லித் தொலைச்சிருந்தாலும் அவ பொழச்சிருப்பா, சிஸ்டர்.”

தோட்டம்

ஐப்பசி மழைக்கு முன்னால் ராமசாமி தனியாக வந்தார். இளைத்துப்போயிருந்தார், உள்ளங்கையெல்லாம் கொப்புளம். தோட்டம் முழுவதையும் கடப்பாரையால் வெட்டிப் பார்த்துவிட்டாராம். காய்த்துக்கொண்டிருந்த கத்தரிச்செடியைப் பிடுங்கிவிட்டார், கள்ளி வேலியை எரித்துவிட்டார், புற்றை அடிவரை தோண்டிவிட்டார். பூச்சி ஆம்புடவில்லை. அது எவ்வளவு நீளம் இருக்கும், என்ன நிறம், டாக்டரய்யாதான் சொல்ல வேண்டும் என்று கேட்டு நின்றார். அன்றைக்கு ஆட்டியது வெறும் தலைதான் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. டாக்டர் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். பாம்பே இல்லை என்று நம்பிவிட்டால், தூங்கவிடாமல் நானே அவளைக் கொன்றுவிட்டேனா என்று ராமசாமி கேட்காமல் இருப்பாரா? நான் டாக்டரையே பார்த்தேன். “அது அங்க இல்லப்பா, போயிருச்சு. செடியைத் திரும்ப நட்டு வை” என்று மட்டும் சொன்னார்.

 ராமசாமி என் பக்கம் திரும்பினார்.

“தூங்க விடு, தூங்க விடுன்னு அம்புட்டுக் கெஞ்சுனா, நர்சம்மா. நீங்க வந்து தடுக்குற வரைக்கும் நான் விடலையே. என்னால ஆன மட்டும் அவளுக்காகப் போராடிட்டேன்னு நெனச்சுக்கிட்டாத்தான் எனக்கு இப்பக் கண்ணே மூடுது.”

 அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் கொடுத்த மருந்துகளில் வேலை செய்தது அந்தப் பூச்சி ஒன்றுதான்.