புங்கமரத்தோடு வந்த மண்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஸ்ரீபெரும்புதூருக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரை மேட்டில், மெட்ராசிலிருந்து வந்த ஒரு சிற்பி பெரிய பெரிய கற்சிலைகளை வெட்டவெளியில் நிறுத்திக்கொண்டிருந்தார். சிலைகளைச் சுற்றி மரமும் செடியும் வைத்துக் கொடுக்கும் வேலை எங்களுக்கு வந்தது. குன்றத்தூரில் நானும் என் வீட்டுக்காரரும் நர்சரி வைத்திருந்தோம். சிற்பிக்குக் கன்றுகள் பிடிக்கவில்லை. சிலை நின்ற அன்றே நிழல் விழ வேண்டும் என்றார். வளர்ந்த மரத்தை நான் என்ன முந்தானையில் முடிந்தா வைத்திருக்கிறேன் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கம்பெனிக்கு விற்றுப்போன நிலங்களில், வெட்டப்படப் போகிற மரங்களைத் தேடிப் போனோம். வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு வயல் வரப்பில் புங்கமரம் கிடைத்தது. நிலத்துக்காரரின் மனைவி, என்னைவிட மூத்தவள், நாங்கள் தோண்டத் தொடங்கியதிலிருந்து நகராமல் நின்றாள். வேரை மண்ணோடு பெயர்த்துச் சாக்கில் கட்டித்தான் மரத்தைத் தூக்குவோம். அவள், "இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் மண்ணு சேர்த்து எடுங்க" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள்.

"லாரி தாங்க வேணாமாக்கா? வயலையே தூக்கிக்கினு போவ முடியுமா?" என்று சிடுசிடுத்தேன். கடைசியில் அவள் சொன்னபடியேதான் எடுத்தோம்.

மரத்தை ஒரு கல் பெண்ணின் பக்கத்தில் நட்டோம். அந்தச் சிலைக்கு முகம் கிடையாது. அங்கே குனிந்து வேலை செய்யும்போதெல்லாம் யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பதுபோல் இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் அந்த அக்கா பஸ் ஏறி வந்து, தூக்குச்சட்டியில் கொண்டுவந்த பாலை மரத்தடியில் ஊற்றுவாள். சிலையைச் சாமியாக்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"பால் ஊத்தினா மரம் வளராதுக்கா, எறும்புதான் வரும்" என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள்.

அப்புறம் அவள் கணவருக்கு உடம்பு முடியாமல் போக, நாலைந்து மாதம் அவள் வரவில்லை. அந்தக் கோடையில்தான் புங்கம் பட்டுப்போனது. ஆணிவேர் அறுந்த மரம், பிழைக்கவில்லை. பட்டால் வேறு வைத்துத் தருவதாகச் சிற்பியிடம் பேச்சு. அதே உயரத்தில் இன்னொரு புங்கத்தைக் கொண்டுவந்து குழியில் இறக்கினோம். புது மரம் தன் மண்ணோடு வந்ததால் பழைய மண்ணுக்கு அங்கே இடமில்லை. நல்ல வயல் மண்ணை யார் விட்டுவிட்டு வருவார்கள்? நர்சரிக்கு வாரிக்கொண்டு வந்து, மணலும் தொழுவுரமும் கலந்து, பைகளில் நிரப்பிக் கன்று வைத்துவிட்டோம்.

மறுபடி அவள் வந்த அன்று நான் அங்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மரத்தைத் தொட்டுப் பார்த்தாள். கொண்டுவந்த பாலை ஊற்றவில்லை.

"இது வேற மரம். மண்ணு அதேதானேம்மா?"

"இல்லக்கா. அது நர்சரிக்குப் போயிடுச்சு. அதுல இன்னா இருந்துச்சு?"

"எம் புள்ள."

தலைப்பிள்ளை. இறந்தே பிறந்தது. அப்படிப் பிறந்த குழந்தைக்கு அவர்கள் வீட்டில் சடங்கு எதுவும் செய்வதில்லை. பெயர் கிடையாது, பால் தெளிப்பும் கிடையாது. துணியில் சுற்றிக்கொண்டுபோய் அந்த வரப்புப் புங்கமரத்தடியில் புதைத்துவிட்டார்கள்.

"அப்போ எனக்குப் பால் கட்டிக்கினு நெஞ்செல்லாம் வலி. குடிக்க ஆளில்ல. பீச்சிக் கீழ ஊத்துனேன்" என்றாள். எறும்பு என்று கேலி செய்தது நினைவுக்கு வந்து எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அன்றே என்னோடு நர்சரிக்கு வந்தாள். அரளியும் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் பைகளில் வரிசை வரிசையாக இருந்தன. கொஞ்சத்தை அதற்குள் விற்றும் விட்டிருந்தோம். யார் யார் வீட்டு வாசலுக்குப் போயினவோ தெரியாது. செம்பருத்தி பூத்த வாசலைத் தாண்டும்போது இன்றைக்கும் என் கால் தயங்குகிறது. பயம்தான், வேறென்ன சொல்வது?

"எதுல கீறான்?" என்று கேட்டாள்.

"எல்லாத்துலயும்தான்க்கா."

முதல் வரிசையின் தலைமாட்டில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தாள். விரலைப் பாலில் நனைத்துப் பைக்கு ஒரு சொட்டாக விட்டுக்கொண்டே நகர்ந்தாள். மூன்றாவது வரிசையில் பால் தீர்ந்துவிட்டது. காலிச் சட்டியோடு மீதிப் பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் உள்ளே போய், காப்பிக்கு வைத்திருந்த பாலை எடுத்துவந்து அவள் சட்டியில் ஊற்றினேன்.