பெரிய வாளி

மலேசியாவில் கோலா பிலா பக்கத்து மலை ரப்பர்த் தோட்டத்தில் நானும் அக்காவும் பால்மரம் வெட்டினோம். காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, இரு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டுச் சரிவில் இறங்குவோம்.

புது உளியோ வாளியோ எது வந்தாலும் சோதிக்காமல் எங்கள் தலையில் கட்டமாட்டார்கள். ஆணும் பெண்ணும் மழைக்காலத்தில் மலைக்காட்டில் தூக்கிப் பார்ப்போம். பிறகு விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் குறை கேட்பார்கள். அந்த ஒரு நல்ல வழக்கத்தையும் பெரிய வாளி வந்தபோது விழுங்கிவிட்டார்கள்.

எல்லாத் தோட்டத்திலும் ஒரே அளவு வாளி வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவாம். நாங்கள் மலையில் இருந்த நேரமாகப் பார்த்து, இரண்டு தடியர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஆலை வாசலின் சமதரையில் நடந்திருக்கிறார்கள். சோதனை முடிந்தது. மறுநாள் பெரட்டில் கங்காணி சொன்னார்:

"பாத்தாச்சு. துரைக்கும் சம்மதம். இனிமே இதான் வாளி."

"மலையில பாக்கலியே, கங்காணி. எங்கள யாரும் கேக்கலியே," என்றேன்.

"ஒனக்கு வாய் நீளம். தூக்கினா பழகிடும்."

அக்காவுக்கு அப்போது வயிறு நன்றாகத் தெரிந்தது. அவளுக்கு அது முதல் பிள்ளை. பாதி வாளியோடு இறங்கினாள். பால் கொட்டாயில் எல்லார் முன்னாலும் கங்காணி கத்தினார், வாளி நிறையாமல் வரக்கூடாது என்று. அதற்குப் பிறகு நிறைத்தே தூக்கினாள். நான் தூக்கித் தருகிறேன் என்றால், உனக்கு மட்டும் இரும்புத் தோளா என்பாள்.

ஒரு மழைக் காலையில் கால் சறுக்கி, வாளிகளோடு ஓடை வரைக்கும் உருண்டாள். அன்று சாயங்காலமே பிள்ளை பிறந்தது. அழவில்லை. ஆண் பிள்ளை.

கங்காணி எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பால் பூராவும் கொட்டிப்போச்சா?" என்று என்னைக் கேட்டார். அந்த ஆளை அங்கேயே அறையாமல் விட்டேனே என்று இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த மழையில் இன்னும் சிலர் விழுந்தார்கள். பால் வீணாகிறது என்று துரை கணக்குக் கேட்டதும் மலைக்காட்டுக்குச் சின்ன வாளியே திரும்பி வந்தது. அதற்கு ஒரு சோதனையும் வேண்டியிருக்கவில்லை.

அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று அவளுக்குப் பின்னால் நான் வந்தேன். சின்ன வாளிகளைச் சுமந்தபடி, ஒரு கையால் வெறும் வயிற்றைப் பிடித்துக்கொண்டே அவள் சரிவில் இறங்கினாள்.