வாசலில் நின்று பேசியவர்கள்

ஜெசிந்தா இறந்த செய்தி குழித்துறைச் சந்தையில் வைத்து எனக்கு வந்தது. அவரிடம் படித்த அஜிதா தொலைபேசியில், "சாரே, மேடம் போயிட்டாவ" என்றாள். கையில் எடுத்திருந்த மரச்சீனிக் கிழங்கைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினேன். மாலையில் கல்லூரி முதல்வர் அழைத்தார். நினைவு மலருக்கு நான் எழுத வேண்டுமாம். "நல்லதா நாலு வார்த்தை போதும் சார். பழைய சண்டை எதுவும் வேண்டாம்." சரி என்றுதான் சொன்னேன். எழுத உட்கார்ந்தால் அந்தச் சண்டையை நீக்கிவிட்டு ஜெசிந்தாவைப் பற்றி எழுத எதுவும் இல்லை.

செவித்திறன் பரிசோதகர்களைப் பயிற்றுவிக்கும் துறையில் நாங்கள் இருவரும் அடுத்தடுத்த அறைகளில் வேலை பார்த்தோம். உங்களில் பலர் அவருடைய வார்டுப் பயிற்சியில் இருந்தவர்கள். இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். புற்றுநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் உள்காதின் நுண்ணிய செல்களை அழித்துவிடும். அப்படிப் போன செவித்திறன் திரும்பாது. மருந்து ஏறும் முன்பு ஒரு முறையும், பிறகு ஒவ்வொரு தவணைக்கும் ஒரு முறையும் சோதித்தால்தான், மாற்று வழி இருக்கும்போதே மருத்துவருக்குத் தெரியவரும். ஜெசிந்தா மாணவர்களைச் சோதனை அறையிலிருந்து எழுப்பி, கருவியோடு புற்றுநோய் வார்டுக்கு அழைத்துப் போனார்.

அங்கே அவர் கண்டுபிடித்தது எந்தப் பாடத்திலும் இல்லை. நம் ஊரில் நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்வதில்லை. ஒரு நாள் நானும் கூடப் போயிருந்தேன். கொட்டாரத்திலிருந்து வந்திருந்த பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மனைவி எங்களை வாசலிலேயே மறித்து, "அவியகிட்ட ஒண்ணும் சொல்லிராதிய, அல்சர்னுதான் சொல்லியிருக்கோம்" என்றார். அதனால் மருத்துவரும் செவிலியரும் வாசலில் நின்று மனைவியிடம் பேசினார்கள். அவரும் "காதெல்லாம் நல்லா கேக்கும்" என்று சொல்லிவிட்டார். கட்டிலில் இருந்தவரோடு யாரும் பேசவே இல்லை. ஜெசிந்தா அந்த அம்மாளை, "நீங்க போயி ஒரு சாயா குடிச்சிட்டு வாருங்க" என்று அனுப்பிவிட்டு, ஓட்டுநர் எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உதட்டசைவு தெரியாதபடி முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, "அண்ணாச்சி, எந்த ரூட்டுல வண்டி ஓட்டினிய?" என்று கேட்டார். அவர் சிரித்துத் தலையாட்டினார். மறுபடி கேட்டார். மறுபடியும் தலையாட்டல். ஜெசிந்தா மாணவர்களைப் பார்த்து, "மக்கா, இவ்வளவு நாளும் தலையாட்டிக்கிட்டேதான் இருந்திருக்காவ" என்றார். அடுத்த தவணைக்கு முன் மருத்துவர் மருந்தை மாற்றினார். எஞ்சிய செவித்திறனாவது தப்பியது.

இந்தப் பயிற்சியைத்தான் நேரவிரயம் என்று கல்லூரியில் நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக, திரையில் படம் காட்டி ஒரு மணி நேர வகுப்பு. கூட்டத்தில் ஜெசிந்தா எழுந்து, "நான் கடற்கரைக்காரி சார். படம் பாத்து நீச்சல் படிச்சவனை எங்க ஊருல நான் கண்டதில்ல" என்றார். சிலர் சிரித்தார்கள். அந்த மாதமே அவரைப் பள்ளிக்கூட முகாம்களுக்கு மாற்றினார்கள். இதைச் சொல்ல மென்மையான சொல் ஒன்றைத் தேடினேன். அப்படி ஒன்று இல்லை. இது கொடுமை.

அவரைக் கடைசியாகப் பார்த்தது அதே வார்டில், நோயாளியாக. மருத்துவர் வாசலில் நின்று அவருடைய தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தார். "எனக்கே வாசல்ல வச்சுத்தான் பேச்சு, பாத்தியளா சாரே" என்றார் ஜெசிந்தா. அதற்குள் மருந்து இரண்டு தவணை ஏறிவிட்டது. அன்றுதான் முதன்முதலாகப் பரிசோதகப் பெண் ஒருத்தி வந்தாள். அவளும் வாசலில் நின்று, "மேடத்துக்குக் காது கேக்குதா?" என்று தம்பியிடம் கேட்டாள். "நல்லா கேக்கும்" என்றார் அவர். எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

"அந்தப் பிள்ளை என்ன சொல்லுது?" என்று ஜெசிந்தா என்னிடம் கேட்டார்.

அவளைக் கூப்பிட்டுத் திட்ட எழுந்தேன். ஜெசிந்தா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். "அதை ஏசாதிய. அதுக்கு யாரு படிச்சுக் குடுத்தா? ஏச வேண்டிய ஆளு காலேஜ்ல மேல் மாடியில இருக்காவ. அங்க போவியளா?"

நான் அவருடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"நீங்க நல்ல மனுசன் சாரே," என்றார் அவர் சிரித்து. "உங்களால ஒருத்தருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல."

இப்போது சோதனை அறைக்கு அவர் பெயரை வைக்கப்போகிறார்களாம். அங்கே மாட்டும் அவர் படத்தை நான் திறந்துவைக்க வேண்டுமாம். எந்த அறையிலிருந்து மாணவர்களை வெளியே கொண்டுவரப் பாடுபட்டாரோ, அதே அறையின் சுவரில் அவரை ஆணியடித்து மாட்டுவதற்கு நான் வரமாட்டேன். அவருக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால் மாணவர்களை வார்டுக்கு அனுப்புங்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கடைசிக் கேலியை மட்டும்தான். இந்த மலர் வெளியாகும் நாளில் முதல்வர் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பயிற்சி திரும்பத் தொடங்கும்வரை தினமும் வருவேன். மாடி ஏற எனக்குக் கொஞ்சம் நேரமாகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.