வெர்நெட்டா ஊதாத மாதங்கள்

டெட்ராய்ட்டில் வெர்நெட்டா கெய்ன்ஸ் சாக்ஸபோன் ஊதாத இடம் கிடையாது. தேவாலயம், போலந்துக்காரர் வீட்டுக் கல்யாணம், ஜாஸ் விடுதி, சலவைத்தூள் விளம்பரம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவாள். பகலில் பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை. செவ்வாய் மாலைகளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு வகுப்பு. அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் அடித்தே நரைத்தவன் நான்.

அடுத்தவர் பாட்டை வாசித்தது போதும் என்று, எங்கள் ஆற்றைப் பற்றி நீளமாக ஓர் இசைக்கோவை எழுதினாள். மாலை வகுப்புக்காரர்கள்தான் குழு. நடுவில் அவளுக்கென்று ஒரு தனி வாசிப்பு. அரங்கேற்றத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, காலையில் எழுந்தவளுக்கு முகத்தின் இடது பக்கம் தொங்கிவிட்டது. குடித்த காபி வாயோரம் வழிந்தது. பக்கவாதம் என்று பதறி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

"மூளைக்கு ஒண்ணுமில்ல. முக நரம்பு வீங்கியிருக்கு. முக்கால்வாசிப் பேருக்குத் தானா சரியாயிடும்," என்றார் டாக்டர்.

"மீதிக் கால்வாசிப் பேரு சாக்ஸபோன் ஊதுறவங்களா டாக்டர்?" என்று கேட்டாள் வெர்நெட்டா.

அவர் மருந்துச் சீட்டை எழுதி நீட்டினார். காரில் ஏறியதும் அழுதாள்.

ஆனாலும் செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு வந்தாள். தன் தனி வாசிப்பை, நகரப் பேருந்து ஓட்டும் டெல்ஃபினிடம் கொடுத்தாள். டெல்ஃபின் தாளைத் திருப்பி நீட்டினாள்.

"உங்கள மாதிரி எனக்கு வராது டீச்சர்."

"என்ன மாதிரி நீ எதுக்கு வாசிக்கணும்? நீ பஸ் ஓட்டுற மாதிரி வாசி. ஆளு ஏறுற வரைக்கும் நின்னு, அப்புறம் எடு." 'ப' சொல்லும்போதெல்லாம் காற்று புஸ்ஸென்று போயிற்று. யாரும் சிரிக்கவில்லை. அவளே சிரித்தாள். "டீச்சருக்கு டயர் பஞ்சர்!"

அரங்கேற்றத்தன்று டெல்ஃபின் இரண்டு வரி வாசித்துவிட்டு நிறுத்தினாள். மறந்துவிட்டாளோ என்று பயந்தேன். பிறகு, பஸ்ஸை எடுப்பதுபோல் நிதானமாக மறுபடி எடுத்தாள். "அப்படித்தான் தாயி! விடாதே!" என்று கூட்டம் கத்தியது. வெர்நெட்டா ஒரு கையால் வாயை மூடிக்கொண்டு மறு கையால் குழுவை நடத்தினாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கேன் ரோஸ்கோ," என்றாள் பிறகு என்னிடம். "ஊதிக்கிட்டே இருந்திருந்தா எனக்குக் கேட்டிருக்காது."

வாய் மட்டும் சரியாகவில்லை. பனிக்காலம் முழுக்க அவள் வாத்தியப் பெட்டியைத் திறக்கவில்லை.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு, எங்கள் வீட்டில் மீன் வறுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் மூக்கைப் பற்றி ஏதோ கிண்டலடித்துச் சிரித்தாள் வெர்நெட்டா. என் மனைவி இமோஜீன் கரண்டியைப் போட்டுவிட்டாள்.

"அடியே, ரெண்டு பக்கமும் சிரிக்கிறே!"

வெர்நெட்டா கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். வீட்டுக்கு ஓடிப்போய் சாக்ஸபோனைக் கொண்டுவந்தாள். முதல் ஊதலில் வாத்துதான் கத்தியது. இரண்டாவதும் வாத்து. மூன்றாவதில் ஸ்வரம் பிடித்து நின்றது, நடுங்கினாலும் நின்றது. நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன மரம் மாதிரி உக்காந்துட்ட? குச்சிய எடுய்யா!"

மீன் ஆறிப்போயிற்று. இமோஜீன் விழுந்த கரண்டியை எடுத்துத் தாளம் போட்டாள்.