சகாயமேரி டீச்சரின் விரல் வைத்த ஷூ

சகாயமேரி டீச்சர் இறந்துபோன செய்தி, அவருடைய வேலையைப் பறித்தவர் கையாலேயே எனக்கு வந்து சேர்ந்தது. கீரனூர் பேருந்து நிலையத்தில் காலை ஏழு மணிக்குத் திருச்சி வண்டிக்காக நின்றிருந்தேன். மஸ்கட்டில் நாங்கள் வேலை பார்த்த பள்ளியின் பழைய ஆசிரியர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. அதில் எங்கள் வைஸ் பிரின்சிபாலாக இருந்த அம்மையார் நீளமாக எழுதியிருந்தார். "ஒழுக்கத்தின் உறைவிடமான நம் அன்புச் சகோதரி சகாயமேரி நேற்று மாலை மாரடைப்பால் இறைவனில் இளைப்பாறினார். உடல்நலம் கருதித் தாமாகவே பணியிலிருந்து விலகிய அவரை நம் பள்ளி என்றும் மறவாது." அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். வந்த வண்டியை விட்டுவிட்டேன்.

கூடவே ஒரு படமும் வந்திருந்தது. ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட பழைய படம். சகாயமேரி டீச்சர் முன்வரிசையில் கஞ்சி போட்ட நீலப் பருத்திச் சேலையில் நிற்கிறார். படத்தில் யாருக்குமே முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. குழுவில் இருக்கிற உங்கள் எல்லோருக்கும் அது ஏன் என்று தெரியும். தெரிந்தும்தான் கையெடுத்துக் கும்பிட்டு வைத்தீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். இறந்தவரைப் பற்றி நல்லதைத்தான் எழுத வேண்டும் என்பார்கள், அப்படியே செய்கிறேன். உயிரோடு இருப்பவர்களுக்கு அப்படி ஒரு சலுகையும் கிடையாது. அம்மையாரின் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. சகாயமேரி டீச்சருக்கான கட்டுரையில் அவர் பெயருக்கு இடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். சகாயமேரி டீச்சர் ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். கணக்கு டீச்சர். நான் வேதியியல். ஒரே வீட்டில் ஆறு வருடம் ஒன்றாகத் தங்கியிருந்தோம். பள்ளியின் தரை முழுக்கச் சலவைக்கல், மூன்று மாடி, நாளைக்கு ஏழு பாடவேளை. நான்காவது வருடம் அவருக்குக் குதிகால் வலி வந்தது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார். மருத்துவர் கொடுத்த மெத்தைத் துண்டுகளைச் செருப்புக்குள் வைத்துப் பார்த்தார், பயனில்லை. அவர் பாதம் அகலம். கல்லூரிக்குப் போகும் வரை செருப்பே போடாத பாதம். கடையில் விற்கும் எந்த ஷூவும் அதற்குச் சிறைதான். கடைசியில் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை ஒருவர், வெறுங்காலில் நடப்பது போலவே இருக்கும் என்று சொல்லி ஒரு ஷூவை வரவழைத்துக் கொடுத்தார். கறுப்பு நிறம், காகிதம் மாதிரி மெல்லிய அடி, கையுறையில் இருப்பதுபோல ஒவ்வொரு கால்விரலுக்கும் தனித்தனி உறை. போட்டுக்கொண்டு கூடத்தில் இரண்டு நடை நடந்தார். "எங்கூரு தரைய மிதிச்ச மாதிரி இருக்கு டீச்சர்," என்றார். ஒரு மாதத்தில் சுவரைப் பிடிப்பது நின்றது.

முதல் நாள் ஒன்பதாம் வகுப்புக்கு அதைப் போட்டுக்கொண்டு போனபோது பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். இவர் மேசைக்கு முன்னால் வந்து, சேலைக் கொசுவத்தை ஒரு விரற்கடை தூக்கி, எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்றாராம். விரல்களை எண்ணச் சொன்னாராம். பிள்ளைகள் எண்ணி முடித்ததும், "பத்து வரைக்கும் எண்ணத் தெரிஞ்சிருச்சு, இனி அல்ஜீப்ராவுக்குப் போவோம்," என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கிவிட்டார். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் அவர் காலைப் பார்த்ததாக நினைவில்லை. பிள்ளைகளுக்கு ஒரு பாடவேளை போதுமாக இருந்தது.

அம்மையாருக்குத்தான் போதவில்லை. அவர் தினமும் வாசலில் நின்று முதலில் எங்கள் காலைப் பார்ப்பார், அப்புறம்தான் முகத்துக்கு வருவார். தான் எப்போதும் கூர்முனை வைத்த, குதி உயர்ந்த ஷூவில்தான் இருப்பார். அவர் வருவது அடுத்த மாடிக்குக் கேட்கும். சகாயமேரி டீச்சரின் ஷூவைப் பார்த்து ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னிலையிலும், மரத்தில் ஏறத்தான் இது உதவும் என்றார். சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. அந்த ஆண்டுப் படத்தில் முன்வரிசையில் அந்த ஷூ விழுந்துவிட்டது என்று தெரிந்ததும், படத்தையே முழங்காலோடு வெட்டச் சொன்னார். அவருடைய புதுக் கூர்முனை ஷூவும் அதோடு போயிற்று. அது ஒன்றுதான் அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த சங்கதி.

பிறகு அமைச்சகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். அன்றைக்குச் சகாயமேரி டீச்சரை விடைத்தாள் கட்டு வைக்கும் அறையில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். அவர் வகுப்பை இன்னொருவர் எடுத்து, பலகையில் போட்ட கணக்கு தப்பாகி, பிள்ளைகள் திருத்தினார்கள். டீச்சர் உள்ளே இரண்டு வகுப்பின் நோட்டுகளைத் திருத்தி முடித்துவிட்டார். ஆய்வுக்கு வந்த அந்த ஊர் அதிகாரிப் பெண்மணி வழி தவறி அதே அறைக்கதவைத் திறந்திருக்கிறார். இவர் காலைப் பார்த்து, இது எங்கே கிடைக்கும், என் தாயாருக்குக் கால்வலி என்று விசாரித்திருக்கிறார். பின்னாலேயே வந்த அம்மையார் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அன்று மாலை டீச்சர் சமையல்கட்டில் புளி கரைத்துக்கொண்டே இதைச் சொன்னார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனாலும் அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டார்.

இதுவரை உங்களுக்குத் தெரியும். இனிமேல் சொல்வது யாருக்கும் தெரியாது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். அவர் இருந்த வரை காப்பாற்றினேன்.

கடைசி வருடத்துப் பெரிய வியாழன் அது. அன்றைய பூசையில் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்காரவைத்துப் பாதிரியார் அவர்கள் பாதத்தைக் கழுவித் துடைப்பார். இயேசு சீடர்களின் பாதம் கழுவியதன் நினைவாக நடக்கும் சடங்கு. அங்கிருந்த கோயிலில் பெண்களையும் சேர்த்திருந்தார்கள். தமிழ் மக்கள் சார்பில் இரண்டு பேர்: ஒருவர் சகாயமேரி டீச்சர், இன்னொருவர் அம்மையார். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான் துணைக்குப் போய்ப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் சட்டென்று ஷூவைக் கழற்றினார். அம்மையார் கழற்ற நேரமானது. பாதிரியார் முன்னால் வந்து மண்டியிட்டுக் காத்திருந்தார். பிறகு தண்ணீர் ஊற்றித் துடைத்தார். டீச்சர் அந்தப் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்பதும், அம்மையார் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் எனக்குத் தூரத்திலிருந்து தெரிந்தது.

திரும்பி வரும்போது டாக்ஸியில் சொன்னார். அம்மையாரின் கட்டைவிரல் வளைந்து பக்கத்து விரல்மேல் ஏறிக் கிடந்ததாம். விரல் முட்டி புடைத்துச் சிவந்திருந்ததாம். சுண்டுவிரலில் ஆணிக்கு ஒட்டியிருந்த பிளாஸ்திரி தண்ணீரில் ஊறி, பாதிரியாரின் துண்டோடு வந்துவிட்டதாம்.

"வலிக்குதா மேடம்னு கேட்டுட்டேன் டீச்சர்," என்றார். "நெசமாவே மனசு கேக்காமத்தான் கேட்டேன். பழிக்கிறதுக்குக் கேக்கல."

வீடு வந்து பூட்டைத் திறக்கும்போது தானாகவே சொன்னார்: "கொஞ்சம் பழிச்சும்தான் கேட்டிருப்பேன்னு இப்பத் தோணுது. ஆனா யாருகிட்டயும் சொல்லிராதீங்க. கோயிலுக்குள்ள பாத்தது."

நானாக இருந்தால் மறுநாளே மூன்று மாடிக்கும் கேட்கும்படி சொல்லியிருப்பேன். அவர் சொல்லவில்லை. ஆனால் பார்த்துவிட்டார். அம்மையாருக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஈஸ்டர் முடிந்த வாரமே ஒரு தாள் சுற்றுக்கு வந்தது. சகாயமேரி அணியும் காலணி பள்ளியின் கண்ணியத்துக்குக் குறைவு, ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தலைகுனிவு என்று அதில் எழுதியிருந்தது. பணி நீட்டிப்புப் படிவமும் அதே கோப்பில்தான் இருந்தது. முதலில் இந்தத் தாள், அதற்கு அடியில் நம் படிவம். பதினாலு பேர் கையெழுத்துப் போட்டோம்.

போட்டோம் என்றுதான் எழுதியிருக்கிறேன். நான்காவது கையெழுத்து என்னுடையது. அதே வீட்டில் தங்கி, அவர் வைத்த ரசத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள். மாலை வீடு திரும்பியதும் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவரைக் கூப்பிட்டு நீட்டிப்பு இல்லை என்று சொன்னார்கள். அப்போது அம்மையார் அந்தத் தாளை அவர் முன்னால் விரித்து, ஒவ்வொரு பெயராகப் படிக்கச் சொல்லியிருக்கிறார்.

அன்று அவர் வந்து ஷூவைக் கழுவிக் காயவைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். "ஒங்க கையெழுத்து நல்லா இருந்துச்சு டீச்சர். கை நடுங்காமப் போட்டிருக்கீங்க," என்றார். நான் அழுதேன். அவர் அழவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னது இது: "மன்னிச்சிட்டேன்னு சொல்ல மாட்டேன். அதுக்காகப் பேசாம இருக்கவும் மாட்டேன். சாப்புட வாங்க." ஊருக்கு விமானம் ஏறும் வரைக்கும் அப்படித்தான் இருந்தார். அதற்குப் பிறகும்.

ஊர் திரும்பி விராலிமலைப் பக்கம் ஒரு சிறிய பள்ளியில் சேர்ந்தார். அங்கும் அதே ஷூதான். தலைமையாசிரியர் முதல் நாள் பார்த்துவிட்டு, கால்ல எதுவும் அடிபட்டிருக்கா டீச்சர் என்று கேட்டதோடு சரி. ஒரு வருடம் கழித்து நானும் ஊரோடு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பேசுவோம். பூசை முடிந்து வந்து கூப்பிடுவார். அந்தப் பதினாலு பேரைப் பற்றி ஒரு முறைதான் பேசினார். "அவுங்க யாராச்சும் ஒருத்தர் வந்து, நாங்க செஞ்சது தப்புன்னு நாலு பேரு முன்னால சொன்னாப் போதும் டீச்சர். எங்கிட்ட தனியா வந்து சொல்ல வேணாம்." அதை எனக்குத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும். சொல்கிறேன், சொல்கிறேன் என்று மூன்று வருடம் ஓட்டிவிட்டேன்.

கீரனூரிலிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். பெண்கள் குளிப்பாட்டிச் சேலை கட்டி முடித்திருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பெட்டியில் வைக்கும் முன் காலுறையும் ஷூவும் போடுவது வழக்கம். புதிதாக ஒரு வெள்ளை ஷூ வாங்கி வந்திருந்தார்கள். நுழையவில்லை. இரண்டு பேர் குதிகாலைப் பிடித்துத் தள்ளினார்கள். ஒரு பெரியம்மா, பின்பக்கத்தைக் கத்தரித்துவிட்டு மாட்டலாம், வெளியே தெரியாது என்றார். அவருடைய தங்கை ஜெபமாலை, "அக்காவுக்குக் கடைசிலயும் ஷூ சேரல," என்று தேம்பினாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த வெள்ளை ஷூவைப் பிடுங்கிக் கூரைமேல் எறிந்திருப்பேன். இழவு வீடு என்று அடக்கிக்கொண்டேன். "காலுறை போதும், அவரை விடுங்க," என்றேன். வெளியூர்க்காரி சொல்கிறாளே என்று முணுமுணுத்தார்கள். ஜெபமாலை என் முகத்தைப் பார்த்துவிட்டு ஷூவைத் தூரப் போட்டாள். பெட்டிக்குள் அந்த அகலப் பாதம் காலுறையோடு இளைப்பாறியது.

புறப்படும்போது ஜெபமாலை கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள். துவைக்கிற கல்லின்மேல் அந்தக் கறுப்பு ஷூ காய்ந்துகொண்டிருந்தது. முந்தின நாள் காலையில் அவரே கழுவி வைத்தது. "நீங்க கொண்டு போங்கக்கா. இங்க யாரு போடுவா," என்றாள். என் பாதம் சிறியது. போட்டால் சுண்டுவிரல் உறை காலியாகத் தொங்குகிறது. அதற்குள் கொஞ்சம் பஞ்சு வைத்திருக்கிறேன்.

உடல்நலம் கருதித் தாமாகவே விலகினார் என்று எழுதி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் அஞ்சலிக் கூட்டம், தலைமை அம்மையார் என்று குழுவில் அறிவிப்பு வந்திருக்கிறது. இந்தக் கட்டுரை அதற்கு முன்பே உங்கள் எல்லோருடைய கைக்கும் வந்துவிடும். வரட்டும். தெரிந்தே வாருங்கள். நான் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு வருவேன். மேடையேறி, பதினாலு பெயரையும் வாசிப்பேன். என் பெயரிலிருந்து தொடங்குவேன்.

கோயிலுக்குள் பார்த்ததை இங்கே எழுதி அவருக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். அதற்கும் அவர் என்னை மன்னிக்க வேண்டாம். எனக்கென்று அவர் விட்டுப்போனது இந்த ஷூவும், அவர் கொடுக்காத அந்த மன்னிப்பும்தான். இரண்டையும் யாருக்கும் தருவதாக இல்லை.

கூட்டம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்வது நம் வழக்கம். படம் எடுப்பவரை நான் கூட்டி வருகிறேன் என்று நேற்றே குழுவில் எழுதினேன். மிக்க நன்றி டீச்சர் என்று அம்மையார்தான் முதலில் பதில் போட்டார். கீரனூரில் ஸ்டுடியோ வைத்திருப்பவர் வருகிறார். நான் முன்வரிசையில் நடுவில் நிற்பேன், அம்மையார் என் பக்கத்தில் நிற்பார். ஒன்றே ஒன்றுதான் படம் எடுப்பவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: எல்லோருக்கும் பாதம் வரைக்கும் விழ வேண்டும்.